டிராப்டவுன்ல தேர்ந்தெடுத்தும் 1452 எரர் வருது, அவசரம்

மின்மினி:
பொருள் சேர்க்கற ஃபார்ம்ல ரெண்டு டிராப்டவுன். பிரிவைத் தேர்ந்தெடுத்ததும் அதுக்கான உட்பிரிவு லிஸ்ட் வருது. சேவ் கொடுத்தா ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொரு டேபிளோட ஐடியைச் சுட்டற இணைப்பு) எரர் 1452. அந்த உட்பிரிவு டேபிள்ல இருக்கு, பார்த்துட்டேன். இன்னைக்கே முடிக்கணும், உதவி பண்ணுங்க.

சுழியம்:
1452ன்னா டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்தானே? வெர்ஷன் என்ன? சர்வர் பக்கம் எந்த மொழி? ஃபார்ம் கோடும் போடலையே.

நீலவானம்:
ரெண்டு டேபிள்லயும் அந்த ஐடி காலம் (column) என்ன டைப்னு பாருங்க. ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் அன்சைன்ட் இன்ட் (மைனஸ் எடுக்காத முழு எண்)னு இருக்கும். இது எப்பவும் வர்ற பிரச்சினைதான்.

கட்டுத்தறி:
டைப் பொருந்தலைன்னா ஃபாரின் கீயையே உருவாக்க விடாது. அடிப்படை தெரியாம பதில் போடாதீங்க. கேட்டவரும் எரரை முழுசாப் படிக்கலை. அனுப்பின மதிப்பு தாய் டேபிள்ல, அதாவது ஃபாரின் கீ சுட்டற டேபிள்ல, இல்லைங்கறதுதான் 1452. டேபிளை எத்தனை தடவை பார்த்தும் புண்ணியமில்லை, ஃபார்ம் என்ன அனுப்புதுன்னு பாருங்க. எஃப்12 தட்டி, நெட்வொர்க்ல பேலோட் (ஃபார்ம் அனுப்பற தரவு).

நீலவானம்:
தப்புன்னா தப்புன்னு சொன்னாப் போதும்.

மின்மினி:
மைஎஸ்கியூஎல் 8, பிஎச்பி. பேலோட்ல பிரிவு 3, உட்பிரிவு "மேசை விளக்கு"ன்னு போகுது.

சுழியம்:
அதான் கோளாறு, ஐடி போகாம பெயர் போகுது. ஆப்ஷனுக்கு வேல்யூ கொடுக்கலைன்னா பிரவுசர் அதோட எழுத்தையே அனுப்பிடும். முதல் லிஸ்ட்டுக்கு வேல்யூ இருக்கு. ரெண்டாவதை ஜாவாஸ்கிரிப்ட்ல நியூ ஆப்ஷன்(பெயர்)னு ஒரே ஆர்கியுமென்ட்டோட நிரப்பியிருப்பீங்க. நியூ ஆப்ஷன்(பெயர், ஐடி)ன்னு மாத்துங்க. குவெரிக்கு மதிப்பைக் கொடுக்கற பைண்ட்ல "ஐ" (முழு எண்) போட்டிருந்தா பிஎச்பி அந்தப் பெயரை 0 ஆக்கிடும். 0ன்னு ஒரு ஐடி இல்லாததால 1452. "எஸ்" (எழுத்து) போட்டிருந்தா, ஸ்ட்ரிக்ட் மோட்ல 1366, அதாவது எண் தப்புங்கற எரர், வந்து குட்டு அப்பவே உடைஞ்சிருக்கும்.

கட்டுத்தறி:
பொருள் டேபிள்ல பிரிவு ஐடி, உட்பிரிவு ஐடி ரெண்டையும் வச்சிருந்தா அதுவும் தப்பு. உட்பிரிவு தெரிஞ்சா பிரிவு தெரியும். பிரிவு ஐடி காலத்தை (column) தூக்குங்க.

நீலவானம்:
பிரிவு வாரியா தேடறப்போ ஒவ்வொரு தடவையும் ரெண்டு டேபிளையும் சேர்த்து ஜாயின் போடணுமே.

கட்டுத்தறி:
இண்டெக்ஸ் இருந்தா அந்த ஜாயின் ஒரு பாரமே இல்லை. ரெண்டு இடத்துல வச்சா ஒருநாள் முரண்படும்.

சுழியம்:
ரெண்டும் வேணும்னா கூட்டு ஃபாரின் கீ போடுங்க. உட்பிரிவு டேபிள்ல (பிரிவு ஐடி, ஐடி) ரெண்டுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கீ (அதே ஜோடி ரெண்டு தடவை வராது). பொருள் டேபிள் அந்த ஜோடியைச் சுட்டணும். அப்புறம் பொருந்தாத ஜோடி உள்ளே வரவே முடியாது. லிஸ்ட்ல காட்டினதை மட்டும்தான் பிரவுசர் அனுப்பும்னு நம்பாதீங்க, யார் வேணா எதை வேணா அனுப்பலாம்.

நீலவானம்:
இது சரியான வழி. ஜாயினும் மிச்சம், முரணும் வராது.

மின்மினி:
ரெண்டாவது ஆர்கியுமென்ட் சேர்த்ததும் சேவ் ஆயிடுச்சு, நன்றி. எடிட் பக்கத்துல மட்டும் உட்பிரிவு காலியா நிக்குது.

சுழியம்:
லிஸ்ட் வந்து சேர்றதுக்கு முன்னாடியே பழைய ஐடியை செட் பண்றீங்க. அப்போ அந்த ஆப்ஷனே அங்க இல்லை. ஃபெட்ச் (சர்வர்ல இருந்து லிஸ்ட் எடுக்கறது) முடிஞ்சு, ஆப்ஷன் எல்லாம் சேர்ந்த பிறகு அந்த வரி வரணும். எடிட் பக்கத்து கோடைப் போடுங்க, பார்க்கலாம்.