யுட்டிலிட்டி மேற்பார்வை: சேர்ந்த புதிதில் சந்தித்தவை
(தொழிற்சாலைக்கு அழுத்தக் காற்று, நீராவி, குளிர்நீர் தரும் பிரிவில் மேற்பார்வையாளர்களாகச் சேர்ந்த மூவர் சொல்வது)

கம்ப்ரசர் அறை:
உற்பத்திப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான்: “காற்றழுத்தம் போதவில்லை, ஏற்றிவிடுங்கள்.” இங்கே மீட்டர் 7 பார் காட்டிக்கொண்டிருக்கும். எனக்கு முன்பிருந்தவர்கள் கேட்ட மாத்திரத்தில் 7.5, பிறகு 8 என்று ஏற்றிக்கொடுத்துப் பழக்கிவிட்டிருந்தார்கள். ஒரு பார் கூட்டினால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஓட்டைகளும் இன்னும் வேகமாகக் கசியும். அந்தக் கட்டணம் உற்பத்திப் பிரிவின் கணக்கில் ஏறாதே, அவர்களுக்கு என்ன கவலை!

நான் ஏற்றவில்லை. “கொஞ்சம் பொறுங்கள் சார்” என்று சொல்லிவிட்டு, மூத்த ஆபரேட்டருடன் குழாயைப் பின்தொடர்ந்து நடந்தேன். காற்றின் ஈரத்தை நீக்கும் ட்ரையரை அடுத்த ஃபில்டரைத் தாண்டியதும் 6.2. இயந்திரத்தருகே 5.8. ஃபில்டர் அடைத்திருந்தது, மாற்றியதும் புகார் நின்றது.

ஆனாலும் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுவது உறுத்தியது. விடுமுறை நாளில், எந்த இயந்திரமும் காற்று எடுக்காத நேரத்தில், அதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒன்றரை நிமிடம் லோடு (காற்றை அழுத்தி அனுப்பும்), மூன்றரை நிமிடம் அன்லோடு (சும்மா சுழலும்), மறுபடி அதே சுற்று. அப்படியானால் கம்ப்ரசரின் கொள்ளளவில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும், 7 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் காற்று வெளியேறிவிடும். சோப்புநீர் தடவித் தேடியதில் பல இணைப்புகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் பெரியது, காற்றைச் சேர்த்துவைக்கும் ரிசீவர் தொட்டியில் தேங்கும் நீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வால்வு. திறந்தபடியே சிக்கியிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் சிரித்தார்: “அந்தச் சத்தம் எப்போதும் உண்டு தம்பி. அது நின்றால்தான் எங்களுக்குப் பயம் வரும்.”

பாய்லர் பக்கம்:
எனக்கு வாய்த்தது லாக் புத்தகம், மணிக்கு மணி அளவீடு எழுதும் பதிவேடு. ஓர் இரவு ஷிப்டில் திறந்து பார்த்தால், விடியற்காலை வரைக்குமான அளவீடுகள் நள்ளிரவிலேயே எழுதப்பட்டிருந்தன! கத்தினால் மறுநாள் இன்னும் நேர்த்தியாகப் பொய் எழுதுவார்கள் என்று தோன்றியது. அதனால் ஒவ்வொரு மணிக்கும் நானே உடன் போய் நின்று, ஆபரேட்டர் வாசிக்க நான் எழுதினேன்.

உண்மையான எண்கள் சேர்ந்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. அதே சுமை, அதே எரிபொருள், ஆனால் புகைவாயுவின் வெப்பம் வாரத்துக்கு வாரம் மேலே போனது. அது 22 டிகிரி உயர்ந்தாலே பாய்லரின் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் விழும். தீப்பக்கம் கரி, இல்லையென்றால் நீர்ப்பக்கம் உப்புப் படிவு. நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரிலிருந்து வந்த நீரை எடுத்து, நிறங்காட்டி மருந்திட்டுச் சோதித்தோம்; நீலம் காட்ட வேண்டிய நீர் சிவந்தது. கடினத்தன்மை அப்படியே பாய்லருக்குள் போய்க்கொண்டிருந்தது. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசினை மீட்கப் போடும் உப்பில் யாரோ சிக்கனம் பிடித்திருந்தார்கள். இதைவிட விலையேறிய சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

அந்த ஆபரேட்டர் இப்போது ஒழுங்காக எழுதுகிறார். அளவீடு மாறினால் அவரே என்னை அழைக்கிறார்.

சில்லர் பிரிவு:
மேலே பேசிய இருவருக்கும் நிதானமாகத் தேட நேரம் இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது அது கிடைக்காது. எல்லாப் பிரிவும் “முதலில் எங்களுக்கு” என்று அழைக்கும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் ஜெனரேட்டரும் படுத்துவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் ஒரு வரிசை உண்டு: குளிர்நீர் பம்பு, கண்டென்சர் பம்பு, கூலிங் டவர் விசிறி, கடைசியில்தான் கம்ப்ரசர். நீரோட்டம் இல்லையென்றால், அதைக் கவனிக்கும் ஃப்ளோ சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. இந்த வரிசையையும், எந்தப் பிரிவுக்கு எப்போது என்ற வரிசையையும் தாளில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டிவைத்தேன். அழைப்பவர்களிடம் “நீங்கள் நான்காவது சார்” என்று சொல்லிவிடுகிறேன். கோபப்படுகிறார்கள்தான்.