முன் சக்கரத்துல மூட்டை கட்டி ஓட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

போன டிசம்பர்ல பொள்ளாச்சியிலேருந்து வால்பாறைக்கு சைக்கிள்ல போனேன். ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. டென்ட், துணி, அடுப்புன்னு மொத்தம் 18 கிலோவையும் பின் கேரியர்லயே ஏத்திட்டேன். ஏத்தத்துல முன் சக்கரம் தரையைப் பிடிக்கவே மாட்டேங்குது. மெதுவா மிதிச்சா ஹேண்டில் இங்கயும் அங்கயும் அலையுது.

சரி, பாரத்தை முன்னாடி மாத்துவோம்னு திரும்பும்போது டென்ட்டை ஹேண்டில்பார் மேல, பழைய டியூபைக் கிழிச்சுக் கட்டினேன். இறக்கத்துல ஒன்பதாவது வளைவுகிட்ட, கீழே அணை தெரியுமே அந்த இடத்துல, ஹேண்டில் தானா உதற ஆரம்பிச்சுது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உதறல் கூடுது. ரெண்டு முட்டியாலயும் நடு பாரை அணைச்சுக்கிட்டு, பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சதும்தான் அடங்குச்சு. முட்டியால அணைக்கிறதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க, அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது அதுதான்.

* * *

அண்ணா, பாரத்தை முன்னாடி வச்சது தப்பில்ல. உயரத்துல வச்சதும், ஆடுற மாதிரி கட்டினதும்தான் தப்பு. டியூப் இழுபடும். நீங்க ஹேண்டிலைத் திருப்பினா மூட்டை கொஞ்சம் தாமதிச்சுத் திரும்பும், திரும்பின வேகத்துல தாண்டிப் போய் மறுபடி இந்தப் பக்கம் வரும். அந்த ஊசலாட்டம்தான் உங்க கைக்கு வந்துச்சு.

நான் போர்க்குல, அதாவது முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவைக் கம்பியில, ரெண்டு பக்கமும் பை தொங்கவிடத் தாழ்வான ரேக் மாட்டியிருக்கேன். பையோட நடுப்பகுதி சக்கர அச்சு உயரத்துக்கு வரும். பக்கத்துக்கு 4 கிலோ, லக்கேஜ் தராசுல தூக்கிப் பார்த்துதான் கிளம்புவேன். கொல்லிமலை 70 வளைவும் இறங்கிட்டேன், துளி ஆட்டம் இல்ல. ஹேண்டில் கொஞ்சம் கனமாத் தெரியும், அரை நாள்ல பழகிரும்.

* * *

தாழ்வா மாட்டினாலும் ரெண்டு விஷயம் கவனிங்க. ராமநாதபுரம் தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினப்போ, பால் கேன் கட்டின சைக்கிளோட ஒரு பெரியவர் என் பையையே பார்த்துக்கிட்டு இருந்தார். குனிஞ்சு வார் நுனியைப் பிடிச்சுக் காட்டினார். ஒரு விரற்கடை தள்ளினா ஸ்போக்ஸ் கம்பிக்குள்ள போயிருக்கும். சுத்திக்கிட்டா சக்கரம் நின்னு ஆளைத் தலைகுப்புறத் தள்ளிரும். அவரே வாரை மடிச்சுச் சொருகிவிட்டார். அன்னிலேருந்து காலையில வாரையும் ரேக் போல்ட்டையும் தொட்டுப் பார்க்காம நான் ஏர்றதில்ல.

அடுத்து காத்து. பாம்பன் பாலத்துல பக்கக் காத்து முன் பையில அடிச்சா நேரா ஹேண்டிலைத் திருப்பும். நான் இறங்கித் தள்ளிக்கிட்டே போனேன்.

* * *

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். என்னோடது ஷாக் அப்சார்பர் வச்ச போர்க், ரேக் மாட்ட ஓட்டையே இல்ல. கிளாம்ப் போட்டு மாட்டினவங்க யாராவது இருந்தா, மேடு பள்ளத்துல அது கீழே நழுவுதான்னு சொல்லுங்க. பொங்கல் லீவுல கொல்லிமலை போகணும்.