ஒரே சிறுத்தை, சித்தப்பாவுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி: குணம்தான் காரணமா?

தாளவாடிக்காரன்:
போன வாரம் ராத்திரி பட்டிக்குள் சிறுத்தை புகுந்து நாலு வெள்ளாட்டை அடித்துப் போட்டுவிட்டது, தூக்கிப் போனது ஒன்றைத்தான். கூட்டுப் பட்டி, நஷ்டம் ஆளுக்கு இரண்டு. நான் எந்த வழியாக வந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன், சித்தப்பாவோ செத்த ஆட்டில் விஷ மருந்து வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார், பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பசிக்கா கொன்றது, கொழுப்பெடுத்துக் கொன்றிருக்கு" என்கிறார். அவர் எப்போதுமே முன்கோபி. இதெல்லாம் ஆளுடைய குணத்தைப் பொறுத்ததா, இல்லை நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா?

மலைமாடு:
குணமெல்லாம் அப்புறம் தம்பி, முதலில் மடியில் எவ்வளவு கனம் என்பதுதான். பர்கூர் மலையில் எங்கள் பட்டியில் 60 மாடு இருந்த காலத்தில் புலி ஒன்றைக் கொண்டுபோனால் அப்பா "காட்டுக்கு வரி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுவார். ஒரே ஒரு கறவை மாடு வைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

ஊசிக்காரர்:
கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன், அடிபட்ட ஆடு நிறையப் பார்த்தாயிற்று. கொழுப்பில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வெட்டவெளியில் ஒன்றைக் கவ்வியதும் மற்றவை சிதறிவிடும். அடைத்த பட்டியில் ஓட வழியில்லாமல் காலடியிலேயே துள்ளும், அது துள்ளத் துள்ள சிறுத்தையும் அடித்துக்கொண்டே இருக்கும்.
குணம் பற்றிக் கேட்டீர்களே, எனக்கு முன்கோபியைப் பார்த்துப் பயமில்லை, அவர் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு மறுநாள் அடங்கிவிடுவார். வாயே திறக்காமல் செத்த மாட்டைத் தனியாக இழுத்துப் போகிறவர்தான் கவலை. 2023இல் நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன, மாட்டுக்காரர் கைதானார். மாடும் போய் ஆளும் உள்ளே. அடுத்த முறை செத்ததை நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்த்தால்தான் இழப்பீடு.

மலைமாடு:
இழப்பீடு கைக்கு வருவதற்குள் குட்டி கிடாவாகிவிடும். அதில்தான் சாதுவுக்கும் கோபம் வருகிறது.

தாளவாடிக்காரன்:
வழி தெரிந்துவிட்டது, பட்டிக்கு மேல்மூடி இல்லை, சுவரேறிக் குதித்திருக்கிறது. சித்தப்பா இன்று காலை அவராகவே கம்பிவலை விலை விசாரித்தார். சிறுத்தைக்காக இல்லையாம், நாய்த் தொல்லையாம். கூரை வழியாக வரும் நாய் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும்போல.