கேள்வி கேட்க வந்தவங்க, மருந்து தந்தவங்க: நம்ம கரையில மனநலம் பத்தி உங்க அனுபவம்

பாசிக்கரை மகள்

மண்டபம் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், கேள்வித்தாளைத் தூக்கிக்கிட்டு யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. அப்பாவைப் படகோட பிடிச்சு யாழ்ப்பாணம் ஜெயில்ல வச்சிருந்த சமயம் அது. அம்மா கடல்பாசி எடுத்துட்டு வந்து, விரல்ல சுத்தின துணியைக்கூட அவிழ்க்காம திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. காலேஜ் ஆய்வுன்னு ஒரு பிள்ளை வந்து, கையெழுத்து வாங்கிட்டு ஆரம்பிச்சிருச்சு. பிஹெச்க்யூ-9தான், மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கிற ஒன்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படின்னு வரிசையா போகுமே, அது. ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரை மார்க்கு, 0-ன்னா இல்லவே இல்லை, 3-ன்னா கிட்டத்தட்ட தினமும்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனா நல்லதுன்னு தோணுச்சான்னு. அம்மா யோசிக்கவே இல்லை. "தினமும்தான் ஆத்தா"ன்னாங்க. அந்தப் பிள்ளை 3-ஐ வட்டம் போட்டுட்டு, "நன்றிம்மா"ன்னு சொல்லி அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு.

27-க்கு எத்தனைன்னு கூட்டி ஏதோ ஒரு அட்டவணையில அம்மா இப்பவும் இருப்பாங்க. அன்னிக்கு சாயங்காலமே நான் ராமநாதபுரம் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போனேன், இப்போ தேவலை. ஆனா அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு, அப்படி ஒரு பதிலையும் வாங்கினவங்களுக்குக் கடமைன்னு ஒண்ணு கிடையாதா? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கீழக்கரைக்காரன்

கேள்வித்தாளாவது பரவாயில்லைங்க. மைக் பிடிச்சுக்கிட்டு வர்றவங்க இருக்காங்களே. ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளைக் கொட்டகையில சங்கிலி போட்டு வச்சிருந்தது பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைத் தீ, சங்கிலியோட 28 உயிர். எங்க தெரு காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் அதே மாதிரி வேற ஒரு கொட்டகையில கட்டிக் கிடந்தவரு. தீக்குப் பிறகு எல்லாத்தையும் மூடி, 500-க்கும் மேற்பட்டவங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துச்சே, அதுல வெளிய வந்தாரு. மாத்திரை விடாம சாப்பிடுறாரு, ஓட்டல்ல வேலை.

ஆகஸ்ட் வந்தா கேமரா வந்துரும். ஒரு தடவை வந்தவரு, "கைலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க"ன்னு கேட்டாரு. கணுக்கால் தழும்பு வேணுமாம். காக்கா தூக்கலை. "தம்பி, நான் இப்ப மாவு பிசையிறேன், அதை எடுங்க"ன்னாரு. எடுக்காம போயிட்டாங்க.

மனநல விழிப்புணர்வுன்னு இவங்க பேசுறது எல்லாம் தழும்பைப் பத்தி மட்டும்தான். பிழைச்சு வந்து வேலை பார்க்கிற ஆளைப் பத்தி ஒரு நிமிஷம் கிடையாது. என்னைக் கேட்டா, நோயாளியை தர்காவுக்குக் கூட்டிட்டு வர்ற வழக்கத்தையே தடை பண்ணணும்.

சந்தனக்கூடு

காக்காவைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. ஆனா உங்க கடைசி வரியை ஏத்துக்கவே முடியாது. தீப்பிடிச்சது தனியார் நடத்தின கீத்துக் கொட்டகையில. நேர்ச்சை பண்ணி வந்தவங்க அதுக்கு என்ன செய்வாங்க? எங்க உம்மா வீட்டுல ஒருத்தருக்கு முடியாம போனப்ப மதுரை ஆஸ்பத்திரியை விட்டா வேற வழி தெரியலை. பஸ்ஸுல வச்சுக் கூட்டிட்டுப் போறதே பெரும்பாடு. தர்கா பக்கத்துல இருந்துச்சு, வராதேன்னு யாரையும் விரட்டலை, காசு கேட்கலை.

சங்கிலி போடுறதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ம் பிரிவுலயே தடை பண்ணியிருக்கு. அதை அமல்படுத்தச் சொல்லுங்க, நானும் கூட வர்றேன். துஆவை, அதாவது பிரார்த்தனையை, தடை பண்ணச் சொல்லாதீங்க.

நான் பார்த்ததைச் சொல்றேன். மருந்தும் துஆவும் சேர்த்துத் தர்ற திட்டம் ஏர்வாடிக்கு வந்த பிறகு, என் மச்சானைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா, மகன் கையில தாயத்து. டாக்டர் கழட்டச் சொல்லுவாருன்னு பயந்து முந்தானையால அதை மூடி மூடிப் பிடிச்சாங்க. டாக்டர் பார்த்துட்டாரு. "அது இருக்கட்டும்மா. மாத்திரையும் இருக்கட்டும். நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திராதீங்க, அது மட்டும் போதும்"னாரு. அந்த அம்மா முந்தானையை விட்டுட்டு அப்பதான் முதல் தடவையா மகன் ராத்திரியில என்ன பேசுறான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. தடைன்னு போர்டு வச்சிருந்தா அந்த அம்மா உள்ளேயே வந்திருக்க மாட்டாங்க.

தங்கச்சிமடம் மாணவி

நான் சமூகப்பணி படிக்கிறேன். ஆய்வே வேண்டாம் என்று பேச்சு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதல்முறை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்த 90 பேரைச் சேர்த்து, 20 வருடங்களுக்கும் மேல் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணம் தவறு என்று நம் ஊர் ஆட்களை வைத்தே சொல்ல முடிந்தது அதனால்தான். பாசிக்கரை அக்கா சொல்வது முழுக்க நியாயம். ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அங்கேயே நிறுத்தி, உட்கார்ந்து பேசி, சிகிச்சைக்கு வழி காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

எனக்கு மறக்காதது பாம்பனில் நடந்த ஒரு கூட்டம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பழைய ஆய்வில் இந்திய நோயாளிகள் மேலை நாட்டவரைவிட நன்றாகத் தேறினார்கள், அதற்குக் காரணம் நம் குடும்ப அமைப்பு என்று ஒருவர் பேசினார். தேறியது உண்மை. குடும்பம்தான் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்றும் சண்டை. பின்வரிசையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பாட்டி எழுந்தார். "குடும்பம் குடும்பங்கிறியே, நான் ஒருத்திதான்யா குடும்பம். நான் செத்தா என் மவனுக்கு யாரு?" பேசியவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். என் ஆய்வுத் தலைப்பே இப்போது அந்தக் கேள்விதான்: தனியாகப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள்.

தொண்டி நர்ஸம்மா (ஓய்வு)

என் அனுபவம் சின்னது. விசைப்படகு டிரைவர் ஒருத்தரை ரெண்டு பேர் தாங்கிக் கொண்டு வந்தாங்க. நடை தள்ளாடுது, நாக்கு குழறுது, கை உதறுது. எல்லாரும் "தண்ணி"ன்னு ஒதுங்கிட்டாங்க. கிட்டப் போனேன், வாடையே இல்லை. சட்டைப் பையில லித்தியம் அட்டை, இருதுருவ மனநோய்க்குத் தர்ற மாத்திரை. வெயில்ல வேர்த்து, குடிக்கிற தண்ணி தீர்ந்து, ரத்தத்துல மருந்து ஏறிப்போச்சு. பிழைச்சுட்டாரு.

அதனால கடலுக்குப் போறவங்க வீட்டுல எல்லாரும் கேட்டுக்கங்க. லித்தியம் சாப்பிடுறவங்க தண்ணியை அளந்து கொண்டு போகாதீங்க, தாராளமா கொண்டு போங்க. உப்பைத் திடீர்னு குறைக்காதீங்க. வாந்தி, வயித்துப்போக்கு வந்தா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. உடம்பு வலிக்கு மெடிக்கல்ல தானா வாங்கிப் போடுற டைக்ளோபெனாக், இபுபுரூஃபன் எல்லாம் லித்தியத்தை ஏத்திவிடும். இருதுருவ மனநோய் (பைபோலார்) இருக்கவங்களுக்கு ராத்திரித் தூக்கம் போனாலே நோய் கிளம்பலாம். ராமேஸ்வரம் விசைப்படகு காலையில போனா மறுநாள் காலையிலதான் கரை, அதனால ராத்திரிக் கடல் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. அவசரம் இல்லாத மருந்து மாத்தமா இருந்தா ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்துல வச்சுக்கங்க, ஆள் கரையில இருப்பாரு, கவனிக்கலாம்.

பாசிக்கரை மகளே, உங்க அம்மா வாயைத் திறந்து சொன்னாங்க, அதே நினைப்புல இருக்கற எத்தனையோ பேர் போலீஸ் கேஸுக்குப் பயந்து சொல்றதே இல்லை. 2017 சட்டம் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவங்க கடும் மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய இந்திய தண்டனைச் சட்டம் 309-ம் பிரிவும் 2024 ஜூலையோட போச்சு. ராத்திரி பகல் எந்நேரமும் அரசாங்க மனநல உதவி எண் 14416-க்கு அடிக்கலாம், இலவசம், தமிழ்ல பேசுவாங்க.

சந்தனக்கூடு

நர்ஸம்மா, எங்க மச்சானுக்கும் லித்தியம்தான். வல்லத்துல (சின்னப் படகு) கடலுக்குப் போறாரு. முதுகுவலிக்கு டைக்ளோ வாங்கி வச்சிருக்காரு, இப்பதான் போய்ப் பார்த்தேன்.

தொண்டி நர்ஸம்மா (ஓய்வு)

டைக்ளோவை எடுத்து வச்சிருங்க, லித்தியத்தை நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லி லித்தியம் அளவு ரத்தத்துல பாருங்க. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும், காலை மாத்திரையைப் போடாம கூட்டிட்டுப் போங்க. கை உதறலோ தள்ளாட்டமோ இப்பவே இருந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, ஜி.எச்.சுக்குக் கிளம்புங்க.