கலைச்சொல் உதவி: ரக்பி லீக்கில் ‘சிக்ஸ் அகெய்ன்’ – ‘புத்தாறு’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரக்பி லீக்கில் தடுக்கும் அணி தவறு செய்தால், பந்து வைத்திருக்கும் அணிக்குப் புதிதாக ஆறு வாய்ப்பு தரும் விதிதான் ‘சிக்ஸ் அகெய்ன்’. இதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பரிந்துரை அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. நான் சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் சமூக வானொலியில் தமிழில் விளையாட்டுச் செய்தி வாசிக்கிறேன். ரக்பி லீக் பருவம் தொடங்கிவிட்டால் ‘சிக்ஸ் அகெய்ன்’ இல்லாமல் ஓர் ஆட்டத்தைப் பற்றியும் பேச முடியாது. ஆங்கிலத்தை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பாரமட்டா அணியின் ஆட்டத்தைப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தாத்தா பாட்டிகள்தான் என் நிகழ்ச்சியை அதிகம் கேட்கிறார்கள். சொல்லைக் கேட்டதுமே விதி அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பது என் ஆசை. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> விதிநூல் பெயர் ‘செட் ரீஸ்டார்ட்’ தானே? ‘தொடர் மறுதொடக்கம்’ என்று வைத்துவிடலாமே.

ஐயா, இதை ஏற்கத் தயங்குகிறேன். ‘தொடர்’ என்பதை ஏற்கெனவே மூன்று ஆட்டங்கள் கொண்ட ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற மாநில அணிகளின் போட்டிக்குப் பயன்படுத்துகிறோம். அது சின்ன சிக்கல். பெரிய சிக்கல் ‘மறுதொடக்கம்’. ஏன் என்று சொல்ல ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடலாம். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார், ஆட்டம் தொடரும். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். தடுக்கும் அணி பிடிபட்டவரைச் சட்டென்று விட்டுவிட்டு, 10 மீட்டர் பின்வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பின்வாங்கலுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் திருடத்தான் பிடிபட்டவர் மேலேயே படுத்திருப்பார்கள், பந்தின் மேல் கை வைப்பார்கள், மெதுவாக எழுவார்கள். முன்பெல்லாம் இதற்கு விசில் ஊதிப் பெனால்டி கொடுப்பார்கள்.

கொரோனாவால் நின்றுபோன என்.ஆர்.எல். (ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்) போட்டி 2020 மே 28 அன்று பிரிஸ்பேனில் மீண்டும் தொடங்கியபோது இது மாறியது. நடுவர் விசில் ஊதுவதில்லை. கையை உயர்த்தி அசைக்கிறார். பிடிக்கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தின் சூப்பர் லீக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் இதை எடுத்துக்கொண்டது.

ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இந்த விதியின் உயிர். நிற்காத ஒன்றை எப்படி மறுபடி தொடங்குவது? ‘மறுதொடக்கம்’ என்றால் நம்மவர் காதில் கணினியை அணைத்துப் போடுவதும், ட்ரை (எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழுந்தபின் நடுக்கோட்டிலிருந்து உதைப்பதும்தான் விழும். ஆங்கிலப் பெயரிலேயே இந்தக் குறை இருக்கிறது. அதை நாமும் சுமக்க வேண்டாம்.

பெனால்டியிலும் புதிதாக ஆறு பிடி கிடைக்கும். அதோடு பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்து நல்ல தூரம் முன்னேறலாம். கோல் அருகில் என்றால் கம்பங்களுக்கு இடையே உதைத்து இரண்டு புள்ளி எடுக்கலாம். இருபக்கமும் மூச்சு வாங்கிக்கொள்ளும். சிக்ஸ் அகெய்னில் இந்த மூன்றும் போய், புதிய ஆறு மட்டும் மிஞ்சுகிறது. தடுப்பவர்கள் ஏற்கெனவே இரைக்க இரைக்க நிற்கிறார்கள்; அவர்கள் மேல் இன்னும் ஆறு முறை மோதலாம். 120 கிலோ ஆட்களை மறுபடி மறுபடி மடக்கிப் பிடிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நான்காவது பிடிக்குள் தடுப்பு வரிசையில் எங்காவது ஓட்டை விழுந்துவிடும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஐந்தாவது பிடியில் தவறு செய்தால் எதிரணிக்கு ஐந்து பிடி லாபம். முதல் பிடியில் செய்தால் ஒன்றே ஒன்றுதான். 2021இல் 10 மீட்டர் பின்வாங்காத தவறுக்கும் இதே விதியை நீட்டினார்கள். அணிகள் கணக்கைப் புரிந்துகொண்டன. எதிரணி தன் கோட்டருகே முதல் பிடியில் இருக்கும்போது வேண்டுமென்றே அமுக்கிப் படுத்தார்கள். ஒரு பிடியைக் கொடுத்துவிட்டு வரிசையைச் சரிசெய்துகொண்டார்கள். அதே ஆண்டில்தான் வேகம் தாங்காத அணிகள் நொறுங்கிப்போக, மெல்பர்ன் ஸ்டார்ம் அணி தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்று 1975இன் பழைய சாதனையைத் தொட்டது. அதனால் 2022இல் மாற்றினார்கள்: பந்து வைத்திருக்கும் அணி தன் பக்கத்து 40 மீட்டருக்குள் இருந்தால் பழையபடி பெனால்டி.

சொல்லில் எண் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். எண் இல்லாவிட்டால் இந்தக் கணக்கைக் கேட்பவருக்குச் சொல்லவே முடியாது.

> ‘மறு எண்ணிக்கை’?

தேர்தல் நினைவுக்கு வருகிறது. முன்பு எண்ணியது சரியா என்று பார்ப்பதல்லவா அது. இங்கே பழைய எண்ணிக்கையை யாரும் சந்தேகப்படவில்லை, அதைத் தூக்கி எறிகிறார்கள்.

> ‘மீண்டும் ஆறு’

இது நல்ல தமிழ். நடுவரின் வாயில் அழகாக இருக்கும். பெயர்ச்சொல்லாகத்தான் நொண்டுகிறது. ‘ஆட்டத்தின் மூன்றாவது மீண்டும் ஆறு’ என்று ஒரு முறை ஒலிவாங்கி முன்னால் சொல்லிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து சகோதரி ஒருவர் அனுப்பிய ‘புத்தாறு’ எனக்கு உடனே பிடித்துவிட்டது. புத்தாண்டு, புத்தாடை வரிசையில் இயல்பாக உட்கார்கிறது. நான்கே எழுத்து. வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஏறுகிறது: புத்தாறில், புத்தாறால், இரண்டு புத்தாறுகள்.

வினைச்சொல்லைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். புத்தாறு ‘காட்டினார்’ என்பதா, ‘கொடுத்தார்’ என்பதா? இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை. 2019 என்.ஆர்.எல். இறுதியாட்டம், சிட்னி ரூஸ்டர்ஸும் கான்பெராவும் 8-8. ஆட்டம் முடியும் தறுவாயில் கான்பெரா உதைத்த பந்தை இருபக்கமும் எகிறிப் பிடிக்கப் பார்த்தன. அது கான்பெராவிடமே திரும்பியது. எதிரணி கை பட்டு வந்திருந்தால் புதிய ஆறு உண்டு. அந்த விதி 2020க்கு முன்பே இருந்தது. நடுவர் பென் கம்மின்ஸ் கையை அசைத்துக் காட்டினார். சக அதிகாரிகள் இல்லை என்றதும், இது கடைசிப் பிடி என்று குரலில் திருத்தினார். கையைப் பார்த்த கான்பெராவின் ஜாக் வைட்டன், இன்னும் ஆறு இருக்கிறது என்று நம்பிப் பிடிபட்டார். பந்து கைமாறியது. உடனே ரூஸ்டர்ஸின் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை போட, 14-8 என்று முடிந்தது. திருத்திய முடிவு சரிதான். ஆனால் எண்பதாயிரம் பேர் இரையும் இடத்தில் குரலை யார் கேட்பது? கான்பெரா ரசிகர்களுக்கு அது இன்னும் ஆறாத புண்.

இதையே தமிழில் ‘நடுவர் புத்தாறு காட்டினார், ஆனால் கொடுக்கவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆகவே சைகைக்குக் ‘காட்டு’, முடிவுக்குக் ‘கொடு’ என்று பிரித்து வைத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள்.

நடுவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. 2009 முதல் என்.ஆர்.எல்.லில் இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். புத்தாறு வந்த அதே நாளில் ஒருவராகக் குறைத்தார்கள். பிடியில் யார் அமுக்குகிறார், 10 மீட்டரில் யார் முந்துகிறார் என்று அவரே நொடியில் முடிவெடுக்க வேண்டும். பெனால்டி என்றால் காரணம் சொல்வார். சில முடிவுகளுக்கு அணித்தலைவர் மறுபரிசீலனை கேட்கலாம். புத்தாறில் ஆட்டம் நிற்பதே இல்லை, கேட்பதற்கு இடமும் இல்லை. ஓர் ஆட்டத்தின் போக்கையே திருப்பும் முடிவு, விளக்கம் இல்லாமல் கடந்து போகிறது. விதியின் வேகம் எனக்குப் பிடிக்கும். இந்த மௌனம் பிடிக்கவில்லை.

சரி, துணைச் சொற்கள்: ‘டேக்கிள்’ = பிடி. கபடியில் பழகிய சொல், வேறு தேட வேண்டாம். ஆறு பிடி கொண்ட ‘செட்’ = ஆறுபிடி. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

மறுமொழி:

தம்பி, விளக்கம் நன்று. இரண்டு ஐயங்கள். ஒன்று, நான் தஞ்சாவூர்க்காரன். கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் புது ஆறு என்றுதான் சொல்வோம். ‘புத்தாறு’ என்றால் எனக்குத் தண்ணீர்தான் ஓடுகிறது. இரண்டு, அறுசுவை, அறுபடைவீடு போல ‘அறுபிடி’ என்பதல்லவா முறை? மற்றபடி, காட்டு – கொடு வேறுபாட்டை முழுமனதோடு ஏற்கிறேன்.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம். ‘அறுபிடி’ இலக்கணப்படி சரி. ஆனால் வானொலியில் கேட்கும்போது அறுப்பது போலவும் தொனிக்கிறது. ஆறுமுகம், அறுமுகம் இரண்டும் வழங்குகிறதே. எழுத்தில் அறுபிடி, பேச்சில் ஆறுபிடி என்று இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

தண்ணீர் விஷயத்தில், பக்கத்தில் நடுவரும் பிடியும் வரும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன். கிரிக்கெட்டில் ‘நாலு அடித்தார்’ என்றால் யாரும் நாலு பேரை அடித்ததாக நினைப்பதில்லை. இந்த ஞாயிறு இப்படி வாசிக்கப் போகிறேன்: “பாரமட்டா நான்காவது பிடியில் இருந்தபோது நடுவர் புத்தாறு கொடுத்தார், அடுத்த மூன்றாம் பிடியிலேயே ட்ரை விழுந்தது.” கேட்டுவிட்டு யாராவது ஆற்றைப் பற்றி விசாரித்தால் அப்படியே குழுவில் எழுதுகிறேன்.