மழையில குடைய மடக்குன ஆளு: உங்களுக்கும் இப்படி ஒரு சீன் ஒட்டிக்கிட்டு இருக்கா?

குடைக்காரன்:
பாப்பாவுக்கு காய்ச்சல், ராத்திரி ரெண்டு மணி, மடியில போட்டுக்கிட்டு சவுண்ட கொறச்சு 'சிங்கிங் இன் தி ரெயின்'ங்கற பழைய ஹாலிவுட் டான்ஸ் படம் பாத்துட்டு இருந்தேன். ஹீரோ ஜீன் கெல்லி மழைத் தண்ணியில குதிச்சு ஆடறதெல்லாம் எத்தனையோ தடவ பாத்ததுதான், அன்னிக்குதான் அந்தப் பாட்டோட கடைசிய கவனிச்சேன், போலீஸ்காரர் முறைச்சதும் முழிச்சுட்டு நழுவுறாரு, போற போக்குல நனைஞ்சுட்டு வர்ற ஒருத்தர் கையில குடைய திணிச்சுட்டு போயிடறாரு. அந்த சீன எடுக்கறப்போ கெல்லிக்கே 103 டிகிரி காய்ச்சலாம், மறுநாள்தான் படிச்சேன். பாப்பா நெத்தியில கை வச்சுக்கிட்டே பாத்திருக்கேன்.

படிக்கட்டு:
அந்த சீன்ல மழை கேமராவுல தெரியறதுக்காக தண்ணியில பால் கலந்தாங்கன்னு யாராவது கெளம்பறதுக்குள்ள சொல்லிடறேன், அது கட்டுக்கதை, பின்னாடியிருந்து லைட் அடிச்சதுலதான் தாரை பளிச்சுன்னு தெரியுது. என்னோடது 1943 'ஸ்டார்மி வெதர்'. நிக்கலஸ் பிரதர்ஸ்னு கறுப்பின அண்ணன் தம்பி ரெண்டு பேரு, டான்ஸர்ங்க. அந்தப் பெரிய படிக்கட்டுல ஒருத்தன் தலைய தாண்டி இன்னொருத்தன் கீழ் படியில காலை விரிச்சு விழறான், கைய ஊணாம எந்திரிக்கறான், மறுபடி தாண்டறான். டீ ஆறிப்போச்சு எனக்கு. வெள்ளக்காரங்க நடிச்ச மத்த படங்கள்ல இவங்க ஆடுன பாட்ட அமெரிக்கத் தெற்குல பல தியேட்டர்ல வெட்டிட்டு ஓட்டுனாங்க, கறுப்பர்ங்கறதால. கெல்லியவே பேசுறவங்க இதையும் கொஞ்சம் பேசலாம்.

முழு ஃப்ரேம்:
படிக்கட்டு, கெல்லி மேல என்ன கோவம்? 1948லயே 'தி பைரேட்'ல அதே பிரதர்ஸ் கூட சேர்ந்து ஆடுனவர் அவரு. சரி விடுங்க. புதுசா பாக்கறவங்க தயவுசெஞ்சு போன்ல பாக்காதீங்க, பெரிய திரை, இல்லன்னா டிவி. அந்தக் காலத்து இன்னொரு பெரிய டான்ஸ் ஹீரோ ஃப்ரெட் அஸ்டேர், ஆடறப்போ தலை முதல் கால் வரைக்கும் ஃப்ரேம்ல இருக்கணும், சும்மா சும்மா கட் பண்ணக்கூடாதுன்னு அடம்புடிச்சவர், அத உள்ளங்கை சைசுல பாத்தா என்ன தெரியும்? மொதல் தடவ முகத்த பாருங்க, ரெண்டாவது தடவ கால மட்டும். 'ராயல் வெட்டிங்'ல சுவத்துல ஏறி விட்டத்துல ஆடறாரே, ரூமே சுத்துது, கேமராவும் கூடவே சுத்துது, தெரிஞ்சுக்கிட்டு பாத்தாலும் வயிறு கலங்கும். எங்க அப்பா அதுக்கு சேர விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. அவ்ளோதான் என் கதை.

சலங்கை:
அட்வைஸ் யாரு கேட்டா சார் 😀 கால பாருங்கன்னீங்கல்ல, நான் அஸ்டேர் கூட ஜோடியா ஆடுன ஜிஞ்சர் ரோஜர்ஸ் கால பாத்தேன். 'ஸ்விங் டைம்' கடைசி டான்ஸ், 47 டேக், ஷூவுக்குள்ள ரத்தம். சின்ன வயசுல ஆடி ஆடி கொப்புளம் வெடிச்சு பாதியில நிறுத்துனவ நான். அந்தம்மா படியேறி மேல போயும் சுத்துறாங்க, முகத்துல ஒண்ணுமே தெரியல. அங்கயே படத்த நிறுத்திட்டேன், மீதி இன்னும் பாக்கல.