காட்டில் கண்டதை எழுதும்போது இடத்தைச் சொல்வீர்களா?

மலைச்சிட்டு:
வால்பாறைப் பக்கம் இருவாச்சிப் பறவையின் கூடு பார்த்தவர்களுக்கு இது புரியும். பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டாயிற்று, சின்ன இடுக்குதான் மிச்சம். ஆண் வந்து உட்கார்ந்து, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அலகு நுனியில் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகு நுனி வாங்கிக்கொண்டது. ஒரு பழம் தவறிக் கீழே விழுந்தது, இரண்டும் கண்டுகொள்ளவில்லை.

எல்லாம் எழுதினேன், எந்த மரம் என்பதைத் தவிர. இடம் இல்லாத கட்டுரை வேண்டாம் என்று பத்திரிகையில் திருப்பிவிட்டார்கள். வருடாவருடம் அதே பொந்துக்குத்தான் வரும். கேமராக்கூட்டத்துக்கு மிரண்டு ஆண் வராமல் போனால் உள்ளே இருப்பவற்றுக்கு யார் இரை கொடுப்பது? இன்றைக்கும் ஆறவில்லை.

நத்தைகுத்தி:
மலைச்சிட்டு, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வேடந்தாங்கலில் உச்சிவெயிலில் ஒரு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது. வெயில் நகர நகர அதுவும் திரும்பி நின்றது. அதை ஊர்ப்பெயரோடுதான் எழுதினேன். 2020-ல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கப் பார்த்தபோது அத்தனை பேர் எதிர்த்தார்களே, பெயரே கேள்விப்படாத இடமாக இருந்தால் யார் வாய் திறந்திருப்பார்கள்?

கரிச்சான்:
எனக்கு முதுமலை. மாயாற்றங்கரையில் ஒற்றைக்கொம்பன் யானை, காது அசைவது சட்டென்று நின்றது, அவ்வளவுதான். அந்த நொடியை இதுவரை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அப்புறம், உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். வேடந்தாங்கல் ஊரே காவல் இருக்கும் ஏரி, இருவாச்சிப் பொந்து தனி மரம். இரண்டுக்கும் ஒரே விதி சரிவராது. காப்பகத்தின் பெயரைப் போடுங்கள், மரத்தைச் சொல்லாதீர்கள். குஞ்சு பறந்த பிறகு வெளியிடுங்கள். படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை அழித்துவிடுங்கள், பலர் இதை மறக்கிறார்கள். பின்னணியில் வளைவுச் சாலையோ மைல்கல்லோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள். அபூர்வமானதை மட்டும் தேடி ஓடவும் வேண்டாம். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும்வரை நாளிதழில் ஒரே தொடர்பத்தியை எழுதிவந்தார். அதில் யானைக்குக் கிடைத்த அக்கறை அணிலுக்கும் காக்கைக்கும் கிடைத்தது.

மலைச்சிட்டு:
கரிச்சான் அண்ணா, நான் அறிவுரை கேட்கவில்லை. காப்பகத்தின் பெயர் வரை சரி. ஆனால் அங்கே தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பெரிய மரங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? "தோட்டத்து ஓரம்" என்று எழுதினாலே தேடிப் போய்விடுவார்கள்.